ஆடு வந்துவிட்டது, மேய்ச்சல் நிலம் எங்கே?

கரிசல் காட்டிலிருந்து முத்துக்குளித்துறை வரை, தூத்துக்குடி மாவட்டத்தின் வீடுகளையும் உறவுகளையும் ஆடு வளர்ப்பு மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் நிலைக்குமா?

சனிக்கிழமைகளில் கிழக்கு வெளுக்கும் முன்பே எட்டயபுரம் விழித்துக்கொள்கிறது. விளாத்திகுளம் பக்கமிருந்தும் கோவில்பட்டி பக்கமிருந்தும் குட்டி யானை வண்டிகள் வந்து நிற்கின்றன. பின்தட்டைத் திறந்ததும் ஆடுகள் முண்டியடித்துக் குதிக்கின்றன. பைக்கில் முன்னால் கிடத்திக் கொண்டுவந்த கிடாயை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார். தாயைப் பிரிந்த குட்டிகளின் கத்தலில் பேச்சுக் குரல் கேட்பதில்லை. வியாபாரி ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். பால் பல்லா, இரண்டு பல்லா, நாலு பல்லா? பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திச் சதை பார்க்கிறார். பெரும்பாலான பேரம் தராசு இல்லாமலே முடிகிறது. கண் மதிப்புதான் எடை, வாய்ச் சொல்தான் ரசீது.

தென் மாவட்டங்களின் பெரிய ஆட்டுச் சந்தைகளில் இது ஒன்று. மதுரை, விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று பல திசைகளிலிருந்தும் இங்கே வியாபாரிகள் வருகிறார்கள். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சந்தைகளில் பல கோடி ரூபாய் கைமாறுகிறது. செய்தித்தாள்கள் அந்தத் தொகையைத் தலைப்பில் போடுகின்றன.

தலைப்பில் வராத செய்தி வேறொன்று. இந்த ஆடுகளில் பெரும்பகுதியைக் குட்டியிலிருந்து வளர்த்தவர்கள் பெண்கள். குழை ஒடித்துப் போட்டதும், கழிச்சல் கண்ட குட்டிக்கு மருந்து புகட்டியதும், மழைநாளில் வீட்டுத் திண்ணையில் கட்டிக் காத்ததும் அவர்கள்தான். சந்தைத் திடலில் அவர்களை எண்ணிவிடலாம், அத்தனை குறைவு.

ஐந்து ஆடு, பத்து ஆடு வைத்திருக்கும் சிறு வளர்ப்போரின் எண்ணிக்கை பெருகும்போது ஊரில் என்னவெல்லாம் மாறுகிறது? வீட்டில் யார் கை ஓங்குகிறது? யாருடைய நிலத்தில் யாருடைய ஆடு மேய்கிறது? கோயில் கொடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்ன உறவு? ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. இந்தக் கேள்விகளை நம் ஊரிலிருந்தே கேட்க இது நல்ல நேரம்.

வாரத்திலிருந்து சொந்தத்துக்கு

நிலமில்லாதவர் ஆடு வளர்ப்பது இங்கே புதிதல்ல. ஆனால் அந்த ஆடு பல வீடுகளில் அவர்களுடையதாக இருந்ததில்லை. காசுள்ளவர் பெட்டையாடு ஒன்றை வாங்கி ‘வாரத்துக்கு’ விடுவார். மேய்த்து, காத்து, ஈற்றுப் பார்ப்பதெல்லாம் வாரத்துக்கு எடுத்தவர் பாடு. ஈனும் குட்டிகளில் பாதி ஆட்டுக்காரருக்குப் போகும், தாயாடும் அவருக்கே. கடற்கரையில் முத்துக்குளித்த நாளிலும் கணக்கு இப்படித்தான் இருந்தது. மூச்சடக்கி மூழ்கியவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. உழைப்பவர் ஒருவர், உடைமைக்காரர் வேறொருவர் என்பது இந்த மாவட்டத்தின் நிலத்திலும் நீரிலும் நெடுங்காலம் நீடித்த முறை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறத்தில் நிலமில்லாத ஏழைப் பெண் ஒருவருக்கு நான்கு வெள்ளாடுகள் அல்லது செம்மறியாடுகள். ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. ஏற்கெனவே ஆடு, மாடு வைத்திருப்பவருக்கு இதில் இடமில்லை. பயனாளியே சந்தைக்குப் போய்த் தமக்குப் பிடித்த ஆட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது திட்டத்தின் நல்ல அம்சம். திட்டத்துக்கென்றே சந்தையில் விலை ஏறியது, ஒரே ஆடு பலமுறை கைமாறியது என்று அப்போதே புகார்களும் எழுந்தன. அடுத்து வந்த அரசு 2021-22-இல் கைம்பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், ஆதரவற்ற பெண்கள் என 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது.

இலவசம் என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. வாரத்துக்கு ஆடு மேய்த்த பெண்ணுக்குச் சொந்த ஆடு கிடைப்பதன் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிறக்கும் குட்டி முழுதும் அவளுடையது. விற்பதா வைப்பதா என்ற முடிவும் அவளுடையது. நிலப்பட்டாவில் பெயர் ஏறாத பெண்கள் பலருக்குத் தம் பெயரில் கிடைத்த முதல் சொத்து ஆடுதான்.

┃ எண்களில்
┃ ● தமிழ்நாட்டில் வெள்ளாடுகள்: 2012-இல் சுமார் 81 லட்சம், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 99 லட்சம்.
┃ ● தமிழ்நாட்டில் செம்மறியாடுகள்: 2012-இல் சுமார் 48 லட்சம்; 2019-இல் சுமார் 45 லட்சம்.
┃ ● இந்தியாவில் 2019-இல் வெள்ளாடுகள் 14.9 கோடி, செம்மறியாடுகள் 7.4 கோடி.
┃ ● வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள்.

அடுப்பங்கரைக்கு வந்த பணம்

இந்த மாவட்டத்தின் பிழைப்பில் ஆண்டுதோறும் சில மாதங்கள் வெற்றாகவே கழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல்தான் வந்தது. கரிசலில் மானாவாரி விதைப்பு முடிந்து களையெடுப்பு வரும்வரை கூலி கிடையாது. பள்ளி திறக்கும் ஜூனும் பண்டிகை வரும் ஐப்பசியும் இந்த இடைவெளிகளை ஒட்டியே வருகின்றன.

வெள்ளாடு இந்த இடைவெளியில் கை கொடுக்கிறது. ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி, எட்டு மாதத்தில் விற்பனைக்குத் தயார். மீட்டர் வட்டிக்கும் கந்து வட்டிக்கும் போகாமல் மருத்துவச் செலவைச் சமாளித்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. நகையை அடகு வைத்தால் மீட்கும்வரை வட்டி ஏறும். ஒரு கிடாயை விற்றால் கடன் எதுவும் மிஞ்சாது.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் சமூக மாற்றம் இருக்கிறது. ஆண் கையில் வரும் கூலியில் ஒரு பகுதி வீடு சேராமலே போவதை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக் காசு வீட்டு வாசலிலேயே வருகிறது, வளர்த்தவள் கையில் வருகிறது. கல்லூரிக் கட்டணம், பெண்பிள்ளையின் சடங்குச் செலவு, சுயஉதவிக் குழுத் தவணை என்று அது வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது. மகளிர் குழுவில் கடன் கேட்டு நிற்கும்போது, நான்கு ஆடு நிற்கும் வீட்டுப் பெண்ணின் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கூலி வேலைக்கும் போய், சமையலும் பார்த்து, ஆட்டையும் மேய்க்கும் பெண்ணின் பகல் நீள்கிறது. மேய்ச்சல் தூரமானால் அந்த வேலை பாட்டிகளின் தலையில் விழுகிறது. கால் தளர்ந்த முதுமையில் தொரட்டியோடு வெயிலில் நிற்கும் மூதாட்டிகளைச் சாலையோரங்களில் நாம் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். ஆட்டுக்காகப் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒன்று இருந்தாலும், அந்த ஆட்டால் வந்த வருமானத்தை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

விற்பனையிலும் பெண் ஏமாறுகிறாள். வாசலுக்கு வரும் வியாபாரி கண் மதிப்பில் விலை சொல்கிறார். சந்தை நிலவரம் அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கடையில் ஆட்டுக்கறி கிலோ ஆயிரம் ரூபாயை நெருங்கும் காலத்தில், உயிர் எடைக்கு ஒரு தராசு இல்லாமல் விற்கும் பெண் இழப்பது சிறு தொகையல்ல.

மேய்ப்பவர் யார்?

‘படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போவே’ என்று வகுப்பறையில் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை இல்லை. அந்த ஏச்சைத் தினமும் கேட்டது, ஆடு மேய்ப்பவரின் பிள்ளையும்தான். ஒரு தொழிலையே தண்டனையாகச் சொல்லிக்கொடுத்த சமூகம் நாம். அதன் விளைவு இன்று ஊர்களில் தெரிகிறது. பரம்பரையாகச் செம்மறி மேய்த்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை கிடைக்குப் போக மறுக்கிறது. மேய்ப்புத் தொழிலில் இருக்கும் இளைஞனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். வெள்ளாடு பெருகிய அதே ஆண்டுகளில் செம்மறி குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திண்ணையோரம் நான்கு வெள்ளாட்டை வளர்க்கலாம். செம்மறியை மந்தையாகத்தான் வளர்க்க வேண்டும், மந்தைக்கு நாள் முழுதும் நடக்கும் ஆள் வேண்டும்.

மந்தை குறைந்தால் கறி மட்டும் குறைவதில்லை. அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் கிடை அமர்த்துவது தென் மாவட்டங்களின் பழைய உர முறை. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும். நிலக்காரர் கிடைக்காரருக்குப் பணமோ தானியமோ கொடுப்பார். வேறு வேறு சாதியினர், வேறு வேறு ஊரார், ஆண்டுதோறும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்திருந்த உறவு அது. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற குறுநாவலில் அந்த உலகத்தைப் பதிவு செய்தார். அம்ஷன் குமார் அதை ‘ஒருத்தி’ என்ற படமாக்கினார். கரிசலின் மேய்ச்சல் வாழ்க்கையும் அதற்குள் ஓடும் சாதிக் கோடும் அதில் இருக்கின்றன.

அந்தக் கோடு இப்போது இடம் மாறியிருக்கிறது. இன்று வெள்ளாடு எல்லா வீட்டிலும் நிற்கிறது. உப்பளத் தொழிலாளி, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி, பனையேறி, மீனவர் வீட்டுப் பெண் என்று ஆட்டுக்காரர் பட்டியல் விரிந்துவிட்டது. அரசுத் திட்டங்களால் பட்டியலினக் குடும்பங்கள் பலவும் ஆட்டுடைமைக்குள் வந்தன. பொறியியல் படித்துவிட்டுப் பரண் அமைத்து ஆடு வளர்க்கும் இளைஞர்கள் யூடியூபில் பாடம் நடத்துகிறார்கள். பரண் போட்டுப் பண்ணை நடத்தினால் தொழில்முனைவோர், தொரட்டி பிடித்துக் காட்டுக்குப் போனால் ஆட்டுக்காரன் என்ற ஏற்றத்தாழ்வு மட்டும் இன்னும் போகவில்லை.

அரசின் பணமும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின்பற்றுகிறது. 2021-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், ஆட்டுப் பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. ஆனால் குறைந்த அளவே 100 பெட்டையும் 5 கிடாயும். ஐந்து ஆட்டுக்காரிக்கு அந்தக் கதவு திறக்காது.

கொடை, களறி, அசனம்

ஆடு இந்த மண்ணின் வழிபாட்டோடு கலந்தது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயில் தேடி வரும் குடும்பங்கள், சித்திரையிலும் ஆடியிலும் கொடை நடத்தும் அம்மன் கோயில்கள், நேர்ந்துவிட்ட கிடாய் ஊரில் யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் கை ஓங்காத பழக்கம் எல்லாம் இன்றும் உண்டு. வெளியூரில் குடியேறிய பங்காளிகள் ஒன்றாகக் கூடும் ஒரே நாள் பல குடும்பங்களில் கிடாய் வெட்டும் நாள்தான். 2003-இல் தமிழ்நாடு அரசு கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முயன்றபோது கிராமங்களிலிருந்து எழுந்த எதிர்ப்பு, 2004-இல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொள்ள வைத்தது.

கடற்கரைக்கு வந்தால் அதே ஆடு வேறு பந்திகளில் ஏறுகிறது. காயல்பட்டினத்தில் கல்யாணம் என்றால் களறிச் சாப்பாடு. நெய்ச்சோறும் களறிக் கறியும் இல்லாமல் அங்கே விருந்து நிறைவதில்லை. பக்ரீத்தில் குர்பானி கொடுத்த இறைச்சியில் ஏழைகளுக்கும் உறவினருக்கும் பங்கு உண்டு. கிறிஸ்தவ ஊர்களில் திருவிழாவையொட்டி அசனம். பரதவர் ஊர்களிலும் உள்நாட்டுச் சபைகளிலும் பந்தியில் எல்லாரும் ஒரே சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். புளியம்பட்டி அந்தோனியார் கோயிலில் நேர்ச்சைக் கிடாயை அங்கேயே சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறும் குடும்பங்களில் மத வேறுபாடு பார்ப்பதில்லை.

மூன்று சமயத்தாரின் நாட்காட்டியும் எட்டயபுரம் சந்தையின் விலையை நிர்ணயிக்கிறது. பக்ரீத்துக்கென்றே கிடாய் வளர்த்து விற்கும் இந்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறை எப்போது என்று தெரியும். கொடைக்குக் கிடாய் தேடி வருகிறவர் இஸ்லாமிய வியாபாரியிடம் பேரம் பேசுகிறார். ஊருக்கு ஊர் மதத்தின் பேரால் சுவர் எழுப்ப முயற்சி நடக்கும் காலத்தில், இந்தக் கொடுக்கல் வாங்கல் பெரிய பாதுகாப்பு. சிறு வளர்ப்போர் கையில் ஆடு இருக்கும்வரை அது தொடரும். வண்டி வண்டியாக வெளிமாநிலத்திலிருந்து வந்திறங்கும் ஆட்டுக்கு இந்த உறவு எதுவும் கிடையாது.

விலையேற்றம் இன்னொரு விளைவையும் தந்திருக்கிறது. வளர்த்த வீட்டிலேயே ஆட்டுக்கறி அரிதாகிவிட்டது. கிடாய் சந்தைக்குப் போகிறது, வீட்டில் பிராய்லர் கோழி வேகிறது. கொடையில் ஒரு குடும்பம் தனிக் கிடாய் கொடுத்த இடத்தில், இன்று நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு கிடாய் கொடுக்கிறது.

┃ நம்ம ஊர் ஆடுகள்
┃ ● வேம்பூர் ஆடு: விளாத்திகுளம் வட்டாரத்து வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை ஊர்களின் செம்மறி. வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகள். ‘பொட்டு ஆடு’ என்றும் சொல்வார்கள். உயரமானது.
┃ ● கன்னி ஆடு: கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்து வெள்ளாடு. கறுப்பு உடல், முகத்தில் இரு கோடு. கோடு வெள்ளையானால் பால்கன்னி, சிவப்பானால் செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவதில் பேர்பெற்றது.
┃ ● கொடி ஆடு: தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோர வெள்ளாடு. நெடிய கால், ஒல்லி உடல். கறுப்புப் புள்ளி கரும்போரை, சிவப்புப் புள்ளி செம்போரை.

இந்த இனங்கள் வெயிலுக்கும் வறண்ட மேய்ச்சலுக்கும் பழகியவை. விரைவில் எடை போடும் போயர், உயரமான ஜமுனாபாரி, சிரோகி என்று வெளி இனக் கிடாய்களை விட்டுக் கலப்பு செய்யும் மோகம் வளர்கிறது. முதல் ஈற்றில் எடை கூடும். ஆனால் தீவனத் தொட்டி இல்லாமல் உடைமர நெற்றையும் காய்ந்த புல்லையும் தின்று பிழைக்கும் திறன் தலைமுறைக்குத் தலைமுறை குறையும். தீவனம் வாங்கிப் போட முடியாத பெண்ணுக்குக் கொடி ஆட்டையும் கன்னி ஆட்டையும் விட நம்பிக்கையான இனம் இந்த மண்ணில் கிடையாது.

வேலியும் வழக்கும்

இனி இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. லட்சக்கணக்கில் ஆட்டைக் கொடுத்தோம். அது எங்கே மேயும்?

2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எட்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டில் ஆடுகள் வழங்கப்பட்டன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. ஆடு ஒரு துறையின் இலக்கானது, மேய்க்கால் புறம்போக்கு இன்னொரு துறையின் கோப்பில் கிடந்தது.

நிலத்தில் நடந்தது வேறு. கயத்தாறு பக்கம் காற்றாலைகள், ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் கம்பி வேலி கட்டிய சூரிய மின்பூங்காக்கள், தூத்துக்குடியைச் சுற்றி மனைப் பிரிவுகளும் தொழிற்பேட்டைகளும். மின்கார் ஆலைக்கும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் 2024 பிப்ரவரியில் அடுத்தடுத்து அடிக்கல் நாட்டப்பட்டது. இவை எல்லாம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். தரிசு என்று அரசுப் பதிவேடு எழுதிய நிலத்தில்தான் ஆடு மேய்ந்தது என்பதை மட்டும் எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுக்கவில்லை. சீமைக்கருவேலை அகற்றும் நடவடிக்கையிலும் இதே நிலைமை. மண்ணுக்கும் நீருக்கும் அது கேடு, அகற்றத்தான் வேண்டும். கோடையில் அதன் நெற்றுதான் ஆட்டுக்கு உணவு என்பதால், அகற்றிய இடத்தில் வேம்பும் உடையும் கொடுக்காப்புளியும் நட்டுக்கொண்டே அகற்ற வேண்டும். காட்டுப் பக்கமும் போக முடியாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயங்களில் மேய்ச்சலைத் தடை செய்தது. இங்கே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. மானுக்கும் இடம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆட்டுக்கு மாற்று இடம் எது என்று சொல்ல வேண்டியது அரசின் பொறுப்பு.

மேய்ச்சல் சுருங்கும்போது ஆடு அடுத்தவர் வயலுக்குள் போகிறது. முன்பு அது வாய்த் தகராறோடு முடியும், ஊர்க் கூட்டத்தில் தண்டம் கட்டித் தீரும். இப்போது ஆட்டுக்காரர் ஒரு சாதி, நிலக்காரர் இன்னொரு சாதி என்றால் அது வேறு முகம் காட்டுகிறது. 2020 அக்டோபரில் கயத்தாறு வட்டாரத்தில் ஆடு மேய்த்ததில் எழுந்த தகராறில், பட்டியலினத்தைச் சேர்ந்த முதிய மேய்ப்பர் ஒருவரைக் காலில் விழ வைத்து, அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து காவல்துறை அவர்களைக் கைது செய்தது. ஒருவர் ஆட்டுடைமையாளர் ஆவதையே பொறுக்காத மனம் அந்தப் படத்தில் தெரிந்தது. ஆடு கொடுத்த அரசு, ஆட்டோடு நடந்துபோகும் பாதைக்கும் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும்.

ஆட்டின் விலை ஏறியதும் திருட்டும் ஏறியது. இரவில் பைக்கிலும் காரிலும் வந்து பட்டியோடு தூக்கிப் போகிறார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிச் சென்ற திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். திருட்டுப் போன ஆட்டுக்கு அடையாளம் சொல்ல முடியாமல், புகார் கொடுக்கவும் தயங்கி விட்டுவிடும் பெண்கள்தான் அதிகம். இருந்ததெல்லாம் அந்த நான்கு ஆடுதான் என்றால், அந்த இரவோடு அவள் மீண்டும் வாரத்துக்கு மேய்ப்பவள் ஆகிறாள்.

ஒரே இரவில் போனது

2023 டிசம்பர் 17, 18 நாட்களை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன. மொட்டை மாடியில் மனிதர்கள் தப்பினார்கள். கட்டியிருந்த ஆடு மாடுகளில் ஆயிரக்கணக்கானவை தப்பவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட நேரம் கிடைத்த வீடுகளில் மட்டும் சில பிழைத்தன.

இழந்த ஆட்டுக்கு 3,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை அரசு 4,000 ஆக உயர்த்தியது. சினையாடு ஒன்றின் சந்தை விலை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. காப்பீடு செய்திருந்தவர் மிகச் சிலரே. பெருமழையும் வறட்சியும் முன்பைவிடக் கடுமையாகும் காலத்தில், ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு உயரமான கொட்டிலையும் காப்பீட்டையும் கொடுக்காமல் விடுவது, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

┃ வளர்ப்போர் கவனத்துக்கு
┃ ● ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குட்டி மூன்று மாதம் தாண்டியதும் போட வேண்டும். இந்த நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இலக்கு.
┃ ● துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்.
┃ ● வீட்டு வாசலுக்கு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வர அழைக்க வேண்டிய எண் 1962.
┃ ● கால்நடை வளர்ப்போரும் கிசான் கடன் அட்டை பெறலாம்.
┃ ● நூறு நாள் வேலைத் திட்டத்தில் தகுதியுள்ளோருக்கு ஆட்டுக் கொட்டகை கட்டித் தரப்பட்டு வந்தது; இப்போதைய நிலையை ஊராட்சியில் கேட்டறியலாம்.

என்ன செய்ய வேண்டும்?

வழி தெரியாமல் இல்லை. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ‘பசு சகி’ பெண்கள் ஊருக்கு ஊர் ஆடுகளுக்குத் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் துணை நிற்கிறார்கள். குட்டிச் சாவு குறைவதோடு, அந்தப் பெண்களுக்கும் ஊரில் ஒரு தொழிலும் மதிப்பும் கிடைக்கிறது. சுயஉதவிக் குழுக்களில் நாட்டுக்கே முன்னோடியான தமிழ்நாடு, ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படி ஒரு பெண்ணை நிறுத்துவது கடினமான காரியமல்ல.

எட்டயபுரம் போன்ற சந்தைகளில் உயிர் எடைத் தராசு வைக்கலாம். அன்றைய எடை விலையைக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். பெண்கள் வந்து விற்கக் கழிப்பறையும் நிழலும் தனி இடமும் ஒதுக்கலாம். மானியத்தின் குறைந்த வரம்பை நூறிலிருந்து பத்துக்கு இறக்கலாம், அல்லது பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவை ஒரே பண்ணையாகக் கருதலாம். வேம்பூர் ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் அவற்றின் சொந்த ஊரிலேயே நல்ல கிடாய் கிடைக்க வழி செய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தையது மேய்ச்சல் நிலம். அது இல்லாமல் மற்றவை நிற்காது. தீவனம் விலைக்கு வாங்க வேண்டிய நிலை வந்த அன்றே ஐந்து ஆட்டுக்காரி தொழிலை விட்டு வெளியேறுவாள். அவள் விட்ட இடத்தில் நூறு ஆட்டுப் பண்ணை வரும். ஆட்டின் எண்ணிக்கை குறையாது, கணக்கெடுப்பில் வளர்ச்சி என்றே பதிவாகும். சொத்து மட்டும் கை மாறியிருக்கும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டில் நம் ஊரின் மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்தப் புல எண் என்று எழுதியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்கள் சேர்ந்து போய் அந்தப் பக்கத்தை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆக்கிரமித்தவர் பெயரோடு, அளந்து கல் நடும் தேதியோடு, தீர்மானம் எழுதி வாங்க வேண்டும். ஆட்டை அரசு கொடுத்தது. நிலத்தை ஊர் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்குச் சாதி பார்க்காமல் ஊரே கை தூக்கினால்தான், இந்தப் பெண்களுக்குக் கிடைத்த சொத்து அவர்கள் பேத்திகள் கைக்கும் போய்ச் சேரும்.